ஆளைக் காணோம், கம்பளி இருக்கிறது

பொங்கியண்ணன் பிறவியிலேயே பயந்தவன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்லேப்பிள்ளியில் அவனை அறிந்தவர்கள் எல்லோரும் அவனுடைய வாய்த்துடுக்கைத்தான் சொல்வார்கள். பாட்டு ஞானம் உண்டு, குரல் கிடையாது. ராஜபார்ட் கட்ட வேண்டும் என்ற ஆசையில் பாலக்காட்டுச் சிக்கந்தர் ராவுத்தரின் நாடகக் கம்பெனிக்குப் போய், ராவுத்தர் ஆர்மோனியத்தில் சுருதி கொடுக்க, ஒரு விருத்தம் பாடினான். அங்கிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராவுத்தர் மட்டும் சிரிக்காமல், "நீ பபூனா இரு" என்றார். அப்படித்தான் அவன் நாடகக்காரன் ஆனான்.

இது வெள்ளைக்காரன் காலத்தில், ஊருக்கு ஊர் கொட்டகை போட்டு நாடகம் நடந்த இருபதுகளில். ராவுத்தர் கம்பெனிக்குச் சோறு போட்டது 'கனகவேணி' என்ற ஒரே நாடகம். சாபத்தால் கிளியாகிவிட்ட கணவனைத் தேடி ஒரு ராணி காடு மேடெல்லாம் பாடிக்கொண்டு அலைகிற கதை. கதை ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் அது வேறு நாடகமாக இருந்தது. பாலக்காட்டில் ராணி ஒரு கீர்த்தனையை அரை மணி நேரம் இழுத்தாலும் தலையாட்டுவார்கள். நல்லேப்பிள்ளியில் அதையே பாடினால், "சண்டையை உடுங்கப்பா" என்று வயற்காட்டுக் குரல்கள் கேட்கும். கோயமுத்தூரில் ஆர்மோனியத்துக்குக் கைதட்டல் விழும்.

இதில் அடியோடு மாறுவது பொங்கியண்ணன் வருகிற இடம். ராணியின் மோதிரம் தொலைந்ததும் ஊர்க்காவலன் வேஷத்தில் அவன் தமுக்கோடு வருவான். "காணமுங்கோ, காணமுங்கோ!" என்று மோதிரத்தைச் சொல்லிவிட்டு, அந்த ஊரில் வேறு என்னென்ன காணாமல் போயிற்று என்று அடுக்குவான். இதற்காகவே பொங்கியண்ணன் ஒவ்வோர் ஊருக்கும் முன்கூட்டியே போய், சவரக்கடை, கிணற்றடி, கள்ளுக்கடை என்று சுற்றி வம்பு சேகரிப்பான். நல்லேப்பிள்ளியில் வாய்க்கால் தண்ணீரைக் காணோம் என்றான். கொல்லங்கோட்டில் ஒரு மிராசுதாரின் தாராள குணத்தைக் காணோம் என்றான். அந்த மிராசுதாரே எழுந்து நின்று சிரித்தார். தன் பெயர் தமுக்கில் வரவில்லை என்று கோபித்துக்கொண்ட பெரிய மனிதர்களும் உண்டு. ஓர் ஊரில் சொன்னதை இன்னோர் ஊரில் சொல்லமாட்டான். அதுதான் அவன் கௌரவம்.

அந்த வருஷம் மாசியில், சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் மாரியம்மன் கும்பிடுக்குக் கனகவேணியை ஆடக் கேட்டிருந்தார்கள். போடியிலிருந்து படமும் திரையும் பெட்டியும் கோவேறு கழுதை மேல் ஏறின. ஆர்மோனியம் ஓர் ஆள் தலையில் வந்தது. மேலே போகப் போகக் குளிர். அந்த மலையில் இருட்டினால் ஆனை இறங்கும் என்பதால் ராத்திரி ஆட்டம் கிடையாது, பகலிலேயே நாடகம். பட்டப்பகலில் அரிதாரம் பூசிக்கொண்டு நிற்பது பொங்கியண்ணனுக்கு என்னவோ போலிருந்தது.

வழக்கம்போல் வம்பு தேடி, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசையில் நடந்தான். யாரும் வாய் திறக்கவில்லை. சிரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்று உள்ளே போய்விட்டார்கள். கம்பெனிக்கு வரக்காப்பி கொண்டுவந்த ராமுத்தாய் என்ற பெண்தான், அவன் குவளையில் ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"தேவிகுளம் மஜிஸ்திரேட்டுக் கச்சேரிக்குப் போறேன்னு ஒரு ஆளு போனாரு. ஆளக் காணாம். அவரு போத்தியிருந்த கம்பளிய கங்காணி வீட்டு நாய்க்கு விரிச்சிருக்காய்ங்க. இதச் சொல்லுங்க."

"சிரிப்பாங்களா, அம்மிணி?"

"சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். குவளை நிரம்பி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவள் சொல்லும்போது குரலில் சிரிப்பு இருந்ததாக அவனுக்குத் தோன்றியது. வேலைக்குப் பயந்து ஓடிப்போனவன் கம்பளியை விட்டுவிட்டுப் போயிருப்பான், கங்காணி அதை நாய்க்குப் போட்டிருப்பார், இவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டான். தோட்டத்து ஆட்களையெல்லாம் பிடித்துவந்து மேய்க்கிற மொக்கையன் கங்காணி, தன் நாய் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று கேட்டால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தான்.

தமுக்கோடு மேடையேறினான்.

"காணமுங்கோ, காணமுங்கோ! கச்சேரிக்குப் போறேன்னு கிளம்பின ஆளைக் காணமுங்கோ! ஆளு போன தடம் தெரியலீங்கோ, போர்த்தியிருந்த கம்பளி மட்டும் கங்காணியார் ஊட்டு நாய்க்குக் கெடைச்சுருக்குதுங்கோ! ஏ நாயே, கம்பளி தந்த புண்ணியவான் எங்கடான்னு கேட்டா, கொட்டாவி உட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்குதுங்கோ!"

ஒரு சத்தம் இல்லை. ஏதோ குழந்தை சிணுங்கியது. அதன் வாயைத் தாயின் கை பொத்தியது. பகல் வெளிச்சமாக இருந்ததால் ஒவ்வொரு முகமும் அவனுக்குத் தெரிந்தது. எல்லோரும் மேடையைப் பார்க்காமல், முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கங்காணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் திரும்பி, வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தார். அவர் பார்வை போன இடமெல்லாம் தலைகள் குனிந்தன.

ஆள் ஓடிப்போகவில்லை என்று பொங்கியண்ணனுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆட்டம் முடிந்ததும் கங்காணி மேடைக்குப் பின்னால் வந்தார். கூடவே சூசையப்பன் என்று ஓர் ஆள். தோளில் அரிவாள் மாட்டியிருந்தான்.

"நல்லாத்தேன் இருந்துச்சு" என்றார் கங்காணி. குரல் மெதுவாக இருந்தது. "கம்பளிக் கதைய யாரு சொன்னா ஒனக்கு?"

ராமுத்தாய் எட்டத்தில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கண் போகக்கூடாது என்று பொங்கியண்ணன் தன் கட்டைவிரலையே பார்த்தான். எப்படியோ வாயில் ஒரு பொய் வந்தது.

"யாரும் சொல்லலீங்க. அது நாடகத்துலயே உள்ளதுங்க. எல்லா ஊர்லயும் சொல்றதுதானுங்க."

"எல்லா ஊர்லயுமா?"

சிக்கந்தர் ராவுத்தர் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலேயே, "ஆமாங்க கங்காணியாரே. பழைய பாடமுங்க" என்றார். எதற்கு இந்தப் பொய் என்று அவருக்குத் தெரியாது. பொங்கியண்ணனின் முகத்தைப் பார்த்தார், கூடச் சேர்ந்துகொண்டார்.

கங்காணி தாடையைத் தடவினார். "அப்பச் சரி. நாளைக்கழிச்சுப் பூப்பாறையில ஆடுறீகள்ல? அங்கிட்டும் இதே கதைதேன் வரும். ஏலே சூசை, போயி இருந்து கேட்டுட்டு வா. இவுக எறங்கிப் போற ஊருக்கெல்லாம் போ. ஒரு வார்த்த மாறுதான்னு பாரு."

அன்றிலிருந்து பொங்கியண்ணனின் நாடகம் மாறாத நாடகமாகிவிட்டது.

பூப்பாறைக்கு நடக்கும்போது அவன் ராவுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டான். "ராவுத்தரே, கொட்டாவி உட்டுட்டுன்னு சொன்னனா, வாலை ஆட்டீட்டுன்னு சொன்னனா?"

"கொட்டாவி."

"புண்ணியவான்னு சொன்னனா, மவராசன்னு சொன்னனா?"

"புண்ணியவான். நான் அந்த எடத்துல ஒரு சுரம் இழுத்தேன். யாரு பொங்கி சொன்னது உனக்கு?"

அவன் சொல்லவில்லை. ராவுத்தர் மறுபடி கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவரும் வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பூப்பாறையில் சூசையப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தமுக்கு ஒலித்ததும் அவன் உதடுகள் பொங்கியண்ணனோடு சேர்ந்து அசைந்தன. ஒரு வார்த்தை பிசகவில்லை. அங்கேயும் யாரும் சிரிக்கவில்லை. மலை இறங்கிப் போடியில் ஆடியபோது, ஒரு கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர் அவர் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். உடுமலையில் நிறையப் பேர் சிரித்தார்கள். பொள்ளாச்சியில் இன்னும் அதிகம். பாலக்காட்டில் கொட்டகையே அதிர்ந்தது. நாய் திரும்பிப் படுத்துக்கொள்கிற இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மலையிலிருந்து இறங்க இறங்கச் சிரிப்பு கூடிக்கொண்டே வந்தது. ஓர் ஆளைக் கொன்றிருக்கிறார்கள் என்று தெரிந்தே, அதை மறுபடி ஒருதரம் சொல்லி, கைதட்டலுக்குக் கும்பிடு போட்டபோது, பொங்கியண்ணனுக்கு அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கியது. கூட்டத்தில் சூசையப்பனைத் தேடினான். காணவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

நல்லேப்பிள்ளிக்கு ஓய்வுக்கு வந்த அன்று தெரிந்துவிட்டது. அவன் மனைவி பாவாயி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, மலையிலிருந்து ஒரு ஆள் வந்து கடைவீதியில விசாரிச்சுட்டு இருக்கறானுங்க. தை மாசம் நீங்க இங்க ஆடுனப்ப ஏதோ கம்பளிக் கதை சொன்னீங்களான்னு கேக்கறான்."

சாந்தன்பாறைக்குப் பிறகு ஆடும் ஊர்களைப் பற்றித்தான் அவன் கவலைப்பட்டான். அதற்கு முன்னால் ஆடிய ஊர்கள் இருக்கின்றனவே!

"என்ன சொன்னாங்களாம்?"

"இல்லைன்னுதான். அன்னைக்கு வாய்க்கால் தண்ணியைத்தானே காணோம்னீங்க? ஊரே சொல்லுது. பொங்கியண்ணன் ஒருக்கா சொன்னதை மறுக்கா சொல்லமாட்டான்னு பெருமையா வேற சொல்லியிருக்கறாங்க."

இலையை மூடிவிட்டு எழுந்தான். கதவைத் தாழ்போடச் சொன்னான்; பட்டப்பகலில் எதற்கு என்று கேட்டுக்கொண்டே பாவாயி போட்டாள். அவன் கண்முன் ராமுத்தாயின் ஈரக்கை குவளைமேல் நின்றது நின்றபடி இருந்தது. நான் ஒரு பொய் சொன்னேன், அந்தப் பொய் உடைந்துவிட்டது, இனி அந்தக் கங்காணி லயத்தில் யாரையெல்லாம் வரிசையில் நிற்கவைப்பானோ என்று நினைத்துக்கொண்டே பாயில் படுத்தான். விடிய விடிய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாவாயி காதை வைத்துக் கேட்டாள்: காணமுங்கோ, காணமுங்கோ.

மறுநாள் காலையில் சூசையப்பன் வந்தான். பாவாயி வாசலில் மறித்தாள். பொங்கியண்ணன்தான், "உடு, வரட்டும்" என்று, அவனை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனான். வீட்டுக்குள் ஒன்றும் நடக்கவேண்டாம் என்று நினைத்தான். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எட்டத்தில் இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்குமா என்று மனசு தூரத்தை அளந்தது.

சூசையப்பன் அரிவாளைத் தோளிலிருந்து எடுத்துப் புல்மேல் வைத்தான்.

"கொல்லங்கோட்டுல கேட்டேன், சித்தூர்ல கேட்டேன், இங்ஙனயும் கேட்டேன். ஒருத்தரும் கம்பளிக் கதையக் கேட்டதில்லண்ணே."

பொங்கியண்ணன் புல்மேல் கிடந்த அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு ஒங்களுக்குச் சொன்னதுன்னு எனக்குத் தெரிய வேணாம். சொல்லிப்புடாதீக. காதுல விழுந்துச்சுன்னா வாய்ல வந்துரும்." அவன் வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்தான். "சந்தனம்னு பேரு அவனுக்கு. கங்காணி ஆளுகள அடிக்கறத மஜிஸ்திரேட்டுக்கிட்டச் சொல்லுறேன்னு கெளம்புனான். வழியில மறிச்சாக. நான் கூட நின்னேன். அம்புட்டுத்தேன் சொல்லுவேன். கம்பளிய எரிச்சுருன்னு ஏங்கையில குடுத்தாக. புதுக் கம்பளிண்ணே. எரிக்க மனசு வரல. எனக்குப் போத்திக்கப் பயம். அதேன் அந்த நாய்க்கு விரிச்சேன். எந்தக் கம்பளின்னு கங்காணிக்குத் தெரியாது. அது எரிஞ்சு போச்சுன்னுதேன் இன்னைக்கு வரைக்கும் நெனப்பு."

அப்போதுதான் பொங்கியண்ணன் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தன்னைப் போலவே இவனும் தூங்கி நாளாயிற்று.

"அன்னைக்கு நீங்க சொன்னதுமே நாயக் கட்டுன எடத்துக்கு ஓடுனேன். கம்பளிய உருவி அடுப்புல வச்சேன். இது நாடகத்துல உள்ள கதைன்னு ஆயிப்போச்சுன்னா, நான் தப்பிச்சேன். தோட்டத்துக் கதைன்னு ஆச்சுன்னா, நாய்க்குக் கம்பளி போட்டது யாருன்னு அவுக ரோசிப்பாக. அப்புறம் என்னையத் தேட ஒரு ஆளு வருவான்." ஒரு கல்லை எடுத்து வாய்க்காலில் போட்டான். "எல்லா ஊர்லயும் கேட்டேன், அம்புட்டுப் பேரும் பழைய கதைன்னுதேன் சொல்றாகன்னு போயிச் சொல்லப்போறேன். ஆனா அவுக என்னைய நம்பாம வேற ஆளையும் அனுப்புவாக. நீங்க நிறுத்திப்புடாதீகண்ணே. எந்த ஊர்ல ஆடுனாலும் சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்தாதீக."

அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தான். போகும்போது, "நாங்கூட மொதல்ல உள்ளுக்குள்ள சிரிச்சுட்டேண்ணே" என்றான். பிறகு வரப்பில் இறங்கி வேகமாக நடந்தான். பொங்கியண்ணன் அவனை மறுபடி பார்க்கவேயில்லை.

அதற்குப் பின் எத்தனை ஊர், எத்தனை கொட்டகை! ஆனைகட்டிச் சந்தையிலிருந்து கோயமுத்தூர் வரை அவன் அதையே சொன்னான். மற்ற வம்புகளையெல்லாம் விட்டுவிட்டான். புதிதாக ஒன்று சொல்லப்போய் இது மறந்துவிட்டால்? கூட்டத்தில் எவனாவது தோளில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தால் போதும், அந்த முகத்தைப் பார்த்தபடியே சொல்லி முடிப்பான். பழைய ரசிகர்கள், "பொங்கியண்ணனுக்குச் சரக்குத் தீர்ந்துபோச்சு" என்றார்கள். அது அவன் காதில் விழாமல் இல்லை. மற்ற கம்பெனிப் பபூன்கள் கேட்டுவிட்டு, தங்கள் தங்கள் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். யாரோ அதற்கு ஒரு மெட்டும் போட்டார்கள். அவனுக்கு அதில் ஆறுதல். எவ்வளவு பேர் சொல்கிறார்களோ, அவ்வளவுக்கு அது எங்கே பிறந்தது என்பது மறையும் அல்லவா?

சில வருஷம் கழித்துச் சாந்தன்பாறையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. பொங்கியண்ணன் வாய்வுப் பிடிப்பு என்று படுத்துக்கொண்டான். ராவுத்தர் ஒன்றும் கேட்காமல், கொழிஞ்சாம்பாறைக் குப்பண்ணனைப் பபூனாகக் கூட்டிப் போனார். கம்பளிக் கதையை மட்டும் அங்கே எடுக்கக்கூடாது என்று குப்பண்ணனிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

திரும்பிவந்ததும் நேரே நல்லேப்பிள்ளிக்கு வந்தார். பொங்கியண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

"குப்பண்ணன் சத்தியத்தைக் காப்பாத்தினான் பொங்கி. தமுக்கடிச்சுக் காணமுங்கோன்னு மட்டுந்தான் சொன்னான். மோதிரம்ங்கறதுக்குள்ள, பின்னால பொம்பளைக இருந்த பக்கத்துலிருந்து ஒரு குரல், கச்சேரிக்குப் போறேன்னு கிளம்பின ஆளைக் காணமுங்கோன்னு எடுத்துக் கொடுத்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் முழுக்கச் சேர்ந்துக்கிச்சு. கம்பளி, நாய், கொட்டாவி, எல்லாம் நீ சொல்ற மாதிரியே. எனக்கு ஆர்மோனியத்துல கை ஓடலை."

"கங்காணி?"

"முன்னால உக்காந்திருந்தான். திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை ஒருத்தரும் தலை குனியலை. கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அவனே முன்னால திரும்பிக்கிட்டான். நாடகம் முடியற முந்தி எழுந்து போயிட்டான்."

"ராவுத்தரே, காப்பி கொண்டாந்த பொம்பளை இருக்குதுங்களா?"

"இருக்கு. அந்த அண்ணன் வரலையான்னு கேட்டுச்சு. உடம்பு சரியில்லைன்னேன். சந்தனம் தன்ற தம்பின்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். காப்பியை ஊத்தீட்டுப் போயிடுச்சு."

அடுத்த வருஷமே மொக்கையன் கங்காணி குடும்பத்தோடு கீழ்நாட்டுக்கு இறங்கிவிட்டதாகச் சேதி வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. சந்தனம் கிடைக்கவும் இல்லை. சூசையப்பன் கொழும்புப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்; இல்லை, அவனையும் காணோம் என்றார்கள்.

பேசும் படம் வந்து கொட்டகைகள் படுத்த பிறகு, பொங்கியண்ணன் நல்லேப்பிள்ளிச் சந்தையில் வெற்றிலைக்கடை போட்டான். வெற்றிலை வாங்க வருகிறவர்கள், "அந்தக் கம்பளியைக் கொஞ்சம் சொல்லுங்கண்ணா" என்று கேட்பார்கள். அவனும் சொல்வான். ஒரு எழுத்து மாறாது. ஆனால் ஆரம்பிப்பதற்கு முன், தலையை நீட்டி, கேட்கிறவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருதரம் பார்த்துக்கொள்வான்.